பாராளுமன்ற வாசலில் கழற்றிய ஷூ

சங்ககிரி
ஐப்பசி 12

கண்ணு மோகன்குமாருக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகள் தனப்பிரியாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், எழுத வரவில்லை சாமி. போனில் சொல்லலாம் என்றால் உங்கப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து வீட்டு மதுமதி இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாள்.

போன மாதம் லண்டனில் எங்களைப் பாராளுமன்றம் சுற்றிப் பார்க்கக் கூட்டிப் போனாயே, அந்தப் பெரிய கல் மண்டபத்து வாசலில் உங்கப்பா ஷூவைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். எல்லாரும் பாக்கறாங்க, மொதல்ல மாட்டுங்கப்பா, மானம் போவுது என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாய். இங்கே ஓட்டுப் போடப் போனாலும் பள்ளிக்கூட வாசலில் செருப்பை விட்டுவிட்டுத்தான் உள்ளே போவார், உனக்குத் தெரியாததா. நாட்டுக்கே சட்டம் எழுதற எடமுன்னு அவனேதான் சொன்னான், செருப்புக் காலோட எப்பிடிப் போறது என்று என்னிடம் மட்டும் சொன்னார். நீ வாங்கித் தந்த ஷூ அவருக்கு இறுக்கம், ஆசையாக வாங்கினாயே என்று வாயைத் திறக்கவில்லை. நீ அதட்டியதும் மாட்டியவர் சாயங்காலம் வரை கழற்றவே இல்லை, அதோடேயே அத்தனை படியும் ஏறி இறங்கினார். கால் கட்டைவிரலில் கொப்புளம் வந்து, சர்க்கரை உடம்பு, ஆறாமல் கறுத்துவிட்டது. வியாழக்கிழமை சேலத்தில் விரலை எடுக்கப் போகிறார்கள். அவங்கிட்ட மூச்சு உடாத, லீவு போட்டுட்டு ஓடியாந்துருவான் என்கிறார். எனக்கு உன்மேல் கோபம்தான், மறைக்க மாட்டேன். தனியாக இருக்கும்போது அழுகையும் வருகிறது.

மேச்சேரி ஆடு இரண்டு குட்டி போட்டது, ஒன்று தங்கவில்லை. நேற்று உன் அத்தை வசந்தாமணி வந்திருந்தாள். உங்கப்பா காலை வேட்டியால் மூடிக்கொண்டு அவளிடமும், பாராளுமன்றத்துல ஒரே கூட்டம், பையன் என் கையைப் புடிச்ச புடிய உடவே இல்ல என்று சொல்லிக்கொண்டிருந்தார். வருகிறவர்கள் எல்லோரிடமும் இதையேதான் சொல்கிறார். நீ பத்தடி முன்னால் போனதை நானும் யாரிடமும் சொல்லவில்லை.

திருச்செங்கோட்டு சாமி உங்கள் இருவரையும் நன்றாக வைத்திருக்கட்டும். குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு போ. நான் எழுதியதாக அவரிடம் காட்டிக்கொள்ளாதே. மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம் சாமி, விரலை எடுத்த பிறகு அவர் முதல் அடி வைக்கும்போது வந்து கையைப் பிடித்துக்கொள். அவர் ஊரெல்லாம் சொன்னது பொய்யாகாமல் இருக்கட்டும்.

உன் அம்மா
அ. சௌந்திரம்