மூன்றாம் ஆண்டுச் சம்பளம்

அன்புள்ள மச்சான்,

ஸலாம். உங்கள் தங்கை ஆயத்துக்கு எந்தக் கல்லூரி என்று இன்று சாயங்காலத்துக்குள் பதிய வேண்டியிருந்தது. செங்கல்பட்டில் நான் படித்த கல்லூரியையே முதலில் போடச் சொன்னீர்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தவர்கள் மூன்றாம் ஆண்டில் வாங்கும் சராசரிச் சம்பளம் அங்கே வருஷத்துக்கு ஏழு லட்சம். மதுராந்தகம் பக்கத்துக் கல்லூரியில் ஐந்துதான்.

எங்கள் காலத்தில் நாலைத் தாண்டாதது எப்படி ஏழானது? ஆவல் தாங்காமல் எங்கள் கல்லூரிக்கே போன் செய்தேன்.

“வேலைய வுட்டவங்கள லிஸ்ட்லேர்ந்து தூக்கிடுவோம் மேடம். இல்லாங்காட்டி ஆவரேஜ் எறங்கிடும். நீங்க இன்னா பேட்ச்?” என்றார் அலுவலகக்காரர்.

சொன்னேன். எங்கள் வகுப்பில் இருபத்தாறு பெண்கள். பட்டியலில் ஒன்பது பேர்தான் என்றார். ‘இருந்தோம்’ என்று சொல்ல ஆசை, ஆனால் அந்த ஒன்பதில் நான் இல்லை.

மதுராந்தகத்தில் வேலையில் இல்லாதவர்களையும் சேர்த்தே கணக்கிடுகிறார்களாம். முப்பது பெண்களில் இருபத்து நான்கு பேர் இன்னும் வேலைக்குப் போகிறார்கள். அதையே முதலில் போட்டுவிட்டோம்.

“ஏழு லட்சத்த வுட்டுட்டியான்னு அண்ணன் கத்தும். நீயே சொல்லிக்கோ அண்ணி, என்னை மாட்டி வுடாத” என்று ஆயத் நழுவிவிட்டாள்.

குழந்தை பெற்று வேலையை விட்டவர்கள் திரும்ப வேலைக்குப் போக மதுராந்தகம் கல்லூரியில் இரண்டு மாதப் பயிற்சி நடக்கிறது. வெளியாட்களும் சேரலாமா என்று சும்மா கேட்டேன். சேரலாமாம்.

நம் பிள்ளை உவைஸ் இன்னும் பால் மறக்கவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. பகலில் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார் மாமி.

சீக்கிரம் பதில் எழுதுங்கள். ஆயத் விஷயத்துக்கு வேண்டாம், அது முடிந்துவிட்டது.

உங்கள்
வீட்டுக்காரி