உன் கேள்வி என் மேசைக்கு வந்த கதை

என் ஏன்குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். மனசைக் கேட்டால் அப்பாவுக்கு நலம், எனக்குத்தான் கொஞ்சம் சுமார். நீ வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்பத்தான் ஆசை, ஆனால் ஞாயிற்றுக்கிழமை போனில் உன் குரல் கம்மியிருந்தது, அதைக் கேட்பதற்குள் நீ வேறு எதையோ கேட்டுவிட்டாய். அவைக்கூட்ட விடுமுறைக்கு வீட்டுக்கு வரட்டுமா, இல்லை, மேடம் தன்னுடைய கடலோரத் தொகுதியைச் சுற்றிப் பார்க்கக் கூப்பிடுகிறார், அவரோடு போகட்டுமா, நீயே சொல்லும்மா என்றாய். நான் அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, வெந்நீரும் இல்லை. பதிலை இதில் எழுதுகிறேன். ஏன் தபாலில் என்று நீ கேட்பாய், கேட்காவிட்டால் நீ என் ஏன்குட்டியே இல்லை. போனில் சொன்னால் நீ ஸ்பீக்கரில் போடுவாய், பக்கத்து நாற்காலியில் உன் மேடம் இருப்பார், "அம்மா எப்படி இருக்காங்க" என்று அவர் நடுவில் புகுந்து விசாரிப்பார், நான் பல்லைக் கடித்துக்கொண்டு நல்லா இருக்கேன் மேடம் என்று சொல்ல வேண்டும். காகிதத்துக்கு ஸ்பீக்கர் கிடையாது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், நீ உதவியாளராக இருக்கிற அந்த உறுப்பினர் அம்மா மேல் எனக்குப் பொறாமை. வயிற்றெரிச்சல் என்றே வைத்துக்கொள். அவருக்கும் எனக்கும் ஒரே வயது, ஒரே பட்டம், நீ சொல்லித்தான் தெரியும். அவர் எழுந்து நின்றால் ஒரு அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும், நான் எழுந்து நின்றால் மின்விசிறியை யார் நிறுத்தியது என்று கேட்பார்கள். அதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்வேன். தண்ணீர் நிறையக் குடி என்று பேச்சு புரிகிற வயதிலிருந்து நான் உன்னிடம் தொண்டை வறளக் கத்தியிருக்கிறேன், அவர் ஒரு தடவை சொன்னாராம், மறுநாளே பாட்டில் வாங்கிவிட்டாய், அதைப் படம் எடுத்து எனக்கே அனுப்பினாய். போன மாதம் உனக்குக் காய்ச்சல் வந்தது அவருக்கு அன்றைக்கே தெரியும், எனக்கோ உன் காய்ச்சல் விட்ட பிறகுதான் தெரியும். இதை அப்பாவிடம் சொல்லிப் புலம்பினால் அவர் மருந்துக்கடைச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே, "அவங்க ஓட்டு வாங்கி ஜெயிச்சவங்க, அஞ்சு வருஷம் ஆனா மறுபடி கையேந்தி நிக்கணும். நீ போட்டியே இல்லாம ஜெயிச்சவ. உனக்கு எதுக்குடி பொறாமை" என்று சிரிக்கிறார். போட்டியில்லாமல் ஜெயித்தவர்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது அவருக்குத் தெரியாது.

இனி நீ அறியாத கதைக்கு வருகிறேன். உன் மேடம் இந்தக் கூட்டத்தொடரில் கேட்ட கேள்விகள் எல்லாமே பருவநிலை, மின்சாரம், வெப்பம் என்று ஒரே திசையில் போவதை நானும் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். மூன்று வாரத்துக்கு முன்னால் அப்படி ஒரு கேள்வி அமைச்சகத்திலிருந்து தலைமை அலுவலகத்துக்கும், அங்கிருந்து எங்கள் மின்விநியோக அலுவலகத்துக்கும் உருண்டு வந்து, கடைசியில் பதில் எழுதச் சொல்லி என் மேசையில் விழுந்தது. மேலே உறுப்பினர் பெயர். கீழே, கோடையின் வெப்ப அலை நாட்களில் ஒரு முழுநாள் தொடர்ந்து மின்சாரம் இல்லாமல் இருந்த குடியிருப்புப் பகுதிகள் உண்டா, உண்டெனில் பகுதிவாரியான விவரம் என்ன, இனி நேராமல் தடுக்க என்ன திட்டம். முதல் வரியைப் படித்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டு அதிலிருந்து அடுத்த கேள்விக்கு ஏறுவது உன் பழக்கம், பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் என்னை அப்படித்தான் ஏறி மிதித்தாய். பெயர் அவருடையது, குரல் உன்னுடையது. பெற்ற பெண்ணின் குரலை இன்னொருத்தியின் பெயருக்குக் கீழே அச்சில் பார்ப்பது எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இதற்கு நேர்மையாகவே ஒரு சுலபமான பதில் இருந்தது. வெயில் காலத்தில் மின்மாற்றி கொதித்துப்போய்த் தெருக்கள் இருண்டால், எங்கள் ஆட்கள் நடுவில் கொஞ்ச நேரம் மின்சாரம் கொடுத்து எடுப்பார்கள், ஜனங்கள் மோட்டார் போட்டு இரண்டு குடம் தண்ணீர் பிடித்துக்கொள்ளட்டும் என்று. நல்ல எண்ணத்தில்தான். ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்தோடு பழைய தடை முடிந்ததாகவும், பிறகு வருவது புதுத் தடை என்றும் பதிவாகும். ஆகவே எங்கள் பதிவேட்டின்படி ஒரு முழுநாள் தொடர்ந்து இருண்டிருந்த தெரு ஒன்றுகூடக் கிடையாது. முதல் கேள்விக்கு இல்லை என்று எழுதிவிட்டால் மற்ற இரண்டுக்கும் கேள்வி எழவில்லை என்று எழுதிவிடலாம், அதுதான் வழக்கம். முழுப் பக்கக் கேள்விக்கு மூன்றே சொல்லில் பதில். உண்மையைச் சொல்கிறேன், அப்போது எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அமைச்சர் எழுந்து இல்லை என்று சொல்லிவிட்டு உட்காருவார், உன் மேடம் வாயடைத்து நிற்பார், நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். இல்லை என்று எழுதியும் விட்டேன்.

எழுதிய பிறகுதான் உறைத்தது. இந்த "முழுநாள்" உனக்கு எங்கிருந்து கிடைத்தது? யார் எதைச் சொன்னாலும் ஆதாரம் எங்கே என்று கேட்கிற நீ இதை யாரிடமிருந்து எடுத்தாய்? என்னிடமிருந்துதான். கோடையில் நான்தான் உன்னிடம் போனில் அழுதேன், மாடி வீட்டுத் தையல்கார அம்மா இன்சுலின் மருந்தைக் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு கடை கடையாக ஐஸ் தேடி அலைந்தார் என்றேன், "ஒரு நாள் முழுக்க கரண்ட் இல்லடி" என்றேன். நடுவில் இரண்டு குடம் தண்ணீருக்கு வந்துபோனதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை, வியர்வையில் குளித்துக்கொண்டு எவள் அதைச் சேர்ப்பாள்? நான் பேசப் பேச நீ ம், ம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாய், பின்னால் ஏதோ தட்டச்சு சத்தம், வேறு வேலை செய்துகொண்டே என் பேச்சைக் கேட்கிறாய் என்று அன்றைக்கும் எனக்குக் கோபம். நான் புலம்பியதைத்தான் தட்டிக்கொண்டிருந்தாய் போலிருக்கிறது. உலகத்தையே சந்தேகப்படுகிறவள் அம்மா சொன்னதைச் சரிபார்க்கவில்லை, அப்படியே எடுத்துக் கேள்வியில் வைத்துவிட்டாய், அதனாலேயே அந்தக் கேள்வியில் ஓட்டை விழுந்துவிட்டது. மேசையில் தேநீர் ஆறி ஆடை படிந்துவிட்டது.

இல்லை என்பதை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். தொடர்ச்சியாக ஒரு முழுநாள் என்ற அளவில் இல்லை, எனினும் இடையிடையே சிறிது நேரம் மட்டும் மின்சாரம் வழங்கப்பட்ட பகுதிகளின் விவரம் இணைப்பில் தரப்பட்டுள்ளது என்று எழுதி, இணைப்பும் தயார்செய்து, எங்கள் பிரிவுத் தலைவரிடம் கொண்டுபோனேன். அவருக்கு அலுவலகத்தில் ரப்பர் என்று பெயர். எதைத் திருத்தினாலும் பென்சிலால்தான் திருத்துவார், நாம் சுத்தமாக எழுதிக் கையெழுத்துப் போட்டதும் பென்சில் குறியை அழித்துவிடுவார், பிற்பாடு எந்தத் தப்பிலும் அவர் கை இருக்காது. படித்துப் பார்த்துவிட்டு, "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கம்மா. கேக்காததையும் சொல்றதுக்கு நாம என்ன ஜோசியக்காரங்களா" என்று "எனினும்" என்ற சொல் மேல் பென்சிலை வைத்தார். அதற்கு மேல் மறைப்பது சரியில்லை என்று தோன்றியது, சார், அந்த உறுப்பினரிடம் வேலை பார்ப்பது என் பெண்தான், வேண்டுமானால் வேறு யாரையாவது எழுதச் சொல்லுங்கள் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப இன்னும் நல்லதா போச்சு. இல்லைன்னு நீங்களே எழுதுங்க. பெத்த பொண்ணுக்கே வளைஞ்சு கொடுக்காத அம்மான்னு பேரு கிடைக்கும்" என்றார். யோசித்துப் பார், பொய் சொல்லாமலே உண்மையை மூடி வைத்தால் நான் நேர்மையானவள், உண்மையைச் சொன்னால் மகளுக்குச் சலுகை காட்டியவள். எனக்கு எங்கிருந்து அவ்வளவு துணிச்சல் வந்ததோ, அடிக்கிறதாக இருந்தால் பேனாவால் அடித்துக் கையெழுத்தும் போட்டுவிடுங்கள் சார் என்று என் பேனாவை நீட்டினேன். அவர் அந்தப் பேனாவைப் பல்லியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "என்னமோ பண்ணுங்க, என் பேரை மட்டும் இழுக்காதீங்க" என்று சொல்லிவிட்டார். பதில் என் கையெழுத்தோடு மட்டும் மேலே போனது.

இதை உன்னிடம் அப்போது சொல்லக் கூடாது, அவையில் வைக்கும்வரை பதில் ரகசியம், அதனால் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். மேலே யாராவது வெட்டிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். வெட்டவில்லை. அவையில் பதில் வந்த அன்றைக்கு அப்பா கடை டிவியில் பார்த்தேன், அமைச்சர் என் வாக்கியத்தை ஒரு எழுத்து மாறாமல் வாசித்தார். உன் மேடம் எழுந்து, இவ்வளவு விவரமாகப் பதில் தந்த அமைச்சருக்கு நன்றி என்றார். அமைச்சரும் தலையை ஆட்டி வாங்கிக்கொண்டார். கேள்வி உன்னுடையது, பதில் என்னுடையது, நடுவில் நின்று நன்றி சொன்னதும் பெற்றதும் வேறு இரண்டு பேர். மறுநாள் பேப்பரில் உறுப்பினரின் கூர்மையான கேள்வி என்று அவர் படம், பின்னால் உன் தோள் பாதி, முகம் இல்லை. மாலையில் நீ போன் செய்து, "மேடம் என்னமா கேட்டாங்க தெரியுமாம்மா" என்று குதித்தாய், நான் ம் என்றேன். ஒரு நல்ல செய்தியும் உண்டு, பட்டியலில் வந்த தெருக்களுக்கு அடுத்த கோடைக்கு முன்னால் புது மின்மாற்றி என்று உத்தரவு வந்திருக்கிறது, நம் தெருவும் அதில் சேர்த்தி. தையல்கார அம்மாவிடம் சொன்னேன், "ஆட்சியில இருக்கறவங்க நல்லா இருக்கட்டும்" என்றார். எனக்கு இங்கே வேறு உத்தரவு, திங்கள் முதல் புகார் வாங்கும் ஜன்னலில் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். காரணம் எழுத்தில் இல்லை, ரப்பரின் வேலை எப்போது எழுத்தில் இருந்திருக்கிறது? நீ பதறாதே, சம்பளம் அதேதான், ஜன்னலோரம் காற்றாவது வரும்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். அவரோடு போகாதே, வீட்டுக்கு வா. அவருடைய தொகுதியில் கடல் உள்ளே வருவதைப் பார்ப்பது உன் வேலைக்கு நல்லது என்று எனக்கும் தெரியும், பெருந்தன்மையான அம்மாவாக இருந்தால் போய் வா என்று எழுதியிருப்பேன். எனக்கு அந்த அளவுக்குப் பெரிய மனசு இந்த வருஷம் இல்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம், கடல் எங்கேயும் போய்விடாது, வருவதுதான் அதன் தொல்லையே. வந்தால் எதிரே உட்கார்ந்து என்னிடம் என்ன வேண்டுமானாலும் கேள், மழுப்ப மாட்டேன். இன்னும் ஒன்று, இந்தக் கடிதத்தில் இருப்பதை அவரிடம் சொல்லாதே. உன் காய்ச்சல், உன் கோபம், உன் சம்பளம், உன் கனவு எல்லாம் அவருக்குத் தெரியும். அந்தப் பதிலை எழுதியது யார் என்பது மட்டும் தெரிய வேண்டாம். அது நமக்குள் இருக்கட்டும்.

எந்தக் குறையும் உன்னை அண்டாமல் நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். குரல் கம்மியிருக்கிறதே, வெந்நீர் குடி, யார் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் குடி. டிக்கெட் எடுத்ததும் முதலில் எனக்குச் சொல்.

உன் ஒரே
அம்மா