துளிர்த்த கொடிக்கம்பு

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் வணக்கத்துடன் எழுதுவது. இந்த மழை ஊருக்குக் குடிவந்த நாங்கள் மூவரும் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

அங்கே அரைமணியில் காயும் துணி இங்கே மூன்று நாளாகியும் காய்வதில்லை. அங்கே வெயிலுக்குக் கட்டிய பழக்கதோஷத்தில் இங்கேயும் ஜன்னலுக்கு ஈரச்சாக்கு கட்டிவிட்டேன், சுவரெல்லாம் பூஞ்சை. ஆனாலும் அங்கே புழுதியில் பாப்பாவுக்கு இருந்த இருமல் இப்போது நின்றுவிட்டது.

துணிக்கொடி கட்ட உங்கள் மாப்பிள்ளை எங்கோ கிடந்த கம்பை நட்டார். நேற்றுப் பார்த்தால் அது துளிர்த்திருக்கிறது. ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றவில்லை அப்பா. அங்கே குளித்த தண்ணீரையெல்லாம் ஊற்றியும் நம் ரோஜாச்செடி பிழைக்கவில்லையே.

“தாத்தா கைத்தடிய அனுப்பச் சொல்லும்மா, அதையும் நடலாம்” என்கிறாள் உங்கள் பேத்தி.

உங்கள் பழைய துண்டு ஒன்றை அனுப்புங்கள்; துவைக்க வேண்டாம், உங்கள் வாசனை அதிலேயே இருக்கட்டும். மழை வந்துவிட்டது, துணியை எடுக்க ஓடுகிறேன்.

கைத்தடியை மட்டும் அனுப்பாதீர்கள். அதை ஊன்றிக்கொண்டு நீங்களே வாருங்கள்.

உங்கள் மகள்