மன்னார் வீட்டின் விலை

14 ஜூலை, திங்கள்

மகள் யூலியானாவுக்கு இரண்டு பல்கலைக்கழகங்களின் பதிலும் வந்துவிட்டது. நாங்கள் இருக்கிற பலேர்மோவில் கட்டணமே இல்லை. இத்தாலியின் வடக்கே மிலானோவில் உள்ள தனியார் பல்கலைக்கழகம் வருடத்துக்குப் பதினோராயிரம் யூரோவில் ஆயிரத்தைத்தான் குறைக்கிறது. அவள் போக நினைப்பது மிலானோவுக்கு. போனை என் பக்கம் தள்ளிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். தெருவெல்லாம் சாந்தா ரொசாலியா திருவிழாச் சத்தம்.

ஒரே தாய், ஒரே பிள்ளை, ஒரே கடை வருமானம். எப்படி இரண்டு விலை?

பல்லரோச் சந்தையில் என் மரக்கறிக் கடையில் நானும் ஆளுக்கொரு விலைதான் சொல்கிறேன். ஆனால் ஆளைப் பார்த்துச் சொல்கிறேன். இவர்கள் எதைப் பார்த்தார்கள்?

17 ஜூலை

மிலானோவுக்குப் போன் எடுத்து யூலியானா கதைத்தாள். அலுவலகப் பெண் பொறுமையாக விளக்கினாள். பலேர்மோ, குடும்ப வருமானத்துக்கு அரசாங்கம் கணக்கிட்டுத் தரும் எண்ணோடு நின்றுவிடுமாம். தாங்கள் சொத்தைத் தனியாகவும் கேட்பார்களாம், தங்கள் அளவுகோல் வேறாம். உங்கள் தாய்க்கு இலங்கையில் தொண்ணூறாயிரம் யூரோ பெறுமதியான வீடு இருக்கிறதே என்றாள்.

தொண்ணூறு. எழுதியது நான்தான். வீடு என்ன பெறும் என்று கேட்டிருந்தார்கள். வாங்க வருகிறவனுக்குச் சொல்லும் விலையை எழுதிவிட்டேன். வியாபாரம் செய்கிற வாய்க்கு வேறு விலை வருமா?

"மம்மா, அவை வீடு வாங்கக் கேக்கேல்லை," என்றாள் யூலியானா. சிரிக்கவில்லை.

திருத்தலாமாம். ஊரில் முறையாக மதிப்பிட்டு அனுப்ப வேண்டும், ஆகஸ்ட் முடிவதற்குள்.

18 ஜூலை

சும்மா கிடைப்பதை விடுவானேன் — என் புத்தி அப்படித்தான் ஓடுகிறது. இஞ்சையே படியன் என்று கேட்டேன்.

"நீங்கள் சொன்னாப் படிப்பன்."

சண்டை பிடித்திருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

2 ஆகஸ்ட்

வலுவேஷன்காரர் மன்னாருக்குப் போய் வீட்டை அளந்திருக்கிறார். அங்கே இருப்பது என் தங்கை எமிலியானாவும் பிள்ளைகளும். அவளுக்கு நான் முன்கூட்டிச் சொல்லவில்லை. பின்னேரம் போன் வந்தது.

"அக்கா, விக்கப் போறியளோ? ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நாங்கள் வேறை இடம் பாத்திருப்பமே."

"விசர்க் கதை கதையாதை," என்று ஏசிவிட்டு, பிறகு முழுக்கதையும் சொன்னேன்.

"உங்கடை பேரிலை இருக்கிறவரைக்கும் ஆரும் அளக்க வருவினம்தானே," என்றாள்.

உண்மைதானே.

9 ஆகஸ்ட்

மதிப்பீடு வந்துவிட்டது: முப்பத்தோராயிரம் யூரோ. சுவரில் வெடிப்பு, கிணற்றில் உப்பு, ஒழுங்கை ஒடுக்கம் என்று போட்டிருக்கிறார். இத்தாலியச் சிஞ்ஞோறா அம்மாமாரின் வீடுகளைத் துடைத்த காசு, கடைக் காசு — என் மனுசன் செத்த பிறகும் நிறுத்தாமல் கட்டிய வீடு. விலை குறைந்ததற்கு நான் சந்தோசப்பட வேண்டும். யூலியானா மிலானோவுக்கு அனுப்பிவிட்டாள். நான் கடைக்குப் போய் மரக்கறிப் பெட்டிகளை அடுக்கினேன். இன்று பேரம் பேசியவர்கள் எல்லாரும் தாங்கள் கேட்ட விலைக்கே கொண்டுபோனார்கள்.

20 ஆகஸ்ட்

பதில் இல்லை.

4 செப்டெம்பர், வியாழன்

மிலானோ எழுதிவிட்டது. நானும் தங்கையும் கதைத்து முடித்துவிட்டோம்.

கட்டணம் வருடத்துக்கு நாலாயிரத்து எண்ணூறு, மூன்று தவணை. புள்ளி குறைந்தால் சலுகை போகும். அறை வாடகை நான் கட்டுவேன், சாப்பாட்டுக்கு யூலியானா உழைப்பாள். வீடு எமிலியானாவின் பெயருக்கு எழுதப்படும். பத்திரம் எழுதி உறுதி முடிக்கும் செலவு என்னுடையது. அதன் பிறகு வீட்டு வரி அவளுடையது.