அப்பப்பாவின் செத்தவீடு

வியாழன் இரவு, நல்லூர்.

இன்று மாமாவின், என் கணவருடைய தகப்பனின், செத்தவீடு. உடலைச் சுற்றி நின்று பந்தம் பிடிக்கப் பேரப்பிள்ளைகளை ஐயர் கூப்பிட்டதும் துளசியும் ஓடிப்போய் நின்றாள். அவளைச் சிறுவர் இல்லத்திலிருந்து நாங்கள் கூட்டிவந்து இரண்டு வருடம். அப்பப்பாவின் முதுகில் ஏறி விளையாடியவள்.

என் கணவர் வந்தார். எரிந்துகொண்டிருந்த பந்தத்தை அவள் கையிலிருந்து வாங்கித் தன் தங்கையின் மகனிடம் கொடுத்தார்.

"சொந்தப் பேரப்பிள்ளையள்தான் பிடிக்கிறது. சனம் கதைக்கும்," என்றார் என்னிடம்.

அதுவரை ஒரு சனமும் வாய் திறக்கவில்லை.

படுக்கப் போகும்போது துளசி கேட்டாள்: "அம்மா, நான் கையை ஆட்டாமல்தானே பிடிச்சனான்? பிறகேன் அப்பா பறிச்சவர்?"



இப்போது அவர் அவளுடைய நுளம்பு வலையைச் சுற்றிவரச் செருகிவிடுகிறார். ஆட்கள் இல்லாத நேரத்தில் நல்ல அப்பாதான்.