சீமைப்பலா இல்லாத தட்டு

அன்புள்ள ஃபுவாதினோவுக்கு,

கர்த்தரின் காவலில் இங்கே எல்லோரும் நலம். உன் சித்தி மகள் லெத்தி நீ இருக்கும் ஆக்லாந்துக்கு வருகிறாள். அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் எதையும் முழுதாகச் சொல்ல முடிவதில்லை. நான் ஆரம்பிப்பதற்குள் பேரன் அழுகிறான் என்று வைத்துவிடுகிறாய்.

நம் பஸ் ஓடுகிறது. பிரேக் மாற்றினேன். பெரிய பன்றி குட்டி போட்டிருக்கிறது.

என் சர்க்கரை விஷயம் கேட்டாயே, அது பெரிய கதை. நர்ஸ் மகெரிதாவின் அறையில் ஒரு தட்டுப் படம் ஒட்டியிருக்கும், பார்த்திருப்பாய். பாதித் தட்டு பச்சைக் காய், ஓர் ஓரம் கோதுமை ரொட்டி, பக்கத்தில் ஆப்பிள், கொழுப்பெடுத்த பால். தேங்காய்ப்பாலை விடச் சொன்னாள், விட்டேன். காலையில் கோதுமை ரொட்டியும் மார்ஜரினும், பெட்டியில் வரும் ஆரஞ்சுச் சாறும் என்று மாதக்கணக்காக ஒழுங்காகத்தான் இருந்தேன். சர்க்கரை ஏறியது.

நான் திருட்டுத்தனமாகத் தின்பதாக மகெரிதா நினைத்தாள். "அண்ணே, ஞாயித்துக்கெழம விருந்துல என்ன தின்னீங்க, உண்மையச் சொல்லுங்க" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த ரொட்டியை நான் எவ்வளவு வெறுத்துத் தின்கிறேன் என்று உனக்குத் தெரியும். நம் சீமைப்பலா அந்தப் படத்தில் எங்கே, மீன் எங்கே, இந்தத் தட்டை யார் வீட்டில் உட்கார்ந்து வரைந்தார்கள் என்று கேட்டுவிட்டேன். வெளியே வரிசையில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும்.

அவள் எழுந்து கதவைச் சாத்தினாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "எல்லாருக்கும் இதத்தான் சொல்றேன். பாதிப் பேருக்குக் கொறையல. ஏன்னு எனக்கும் தெரியலண்ணே."

அவள் அப்படிச் சொல்வாள் என்று நான் நினைக்கவில்லை. கோபம் போய், அது என்னவென்று பார்த்துவிடும் ஆசை வந்துவிட்டது. அவளுக்கும்தான். விரலில் குத்திப் பார்க்கும் கருவியைக் கையில் கொடுத்து, மாத்திரையை மட்டும் ஒரு நாளும் விடக்கூடாது என்று சத்தியம் வாங்கி அனுப்பினாள்.

முதலில் ரொட்டியும் சாறும். குடித்துவிட்டுப் பார்த்தால் எண் மேலே போய் நின்றது. மறுநாள் தேங்காய்ப்பாலில் வேகவைத்த மீனும் சேப்பங்கிழங்கு இலையும் மட்டும். எண் அசையவே இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. பஸ்ஸில் ஏறியவர்களிடமெல்லாம் சொன்னேன். அந்தத் தட்டைக் கிழித்துப் போடலாம் என்றுகூடச் சொன்னேன்.

அப்புறம் சீமைப்பலாவைச் சுட்டு வயிறு முட்டத் தின்றேன். எண் ரொட்டியை விடக் கொஞ்சமும் குறையவில்லை. விரலைக் கழுவிவிட்டு மறுபடி குத்தினேன். அதேதான். மகெரிதாவிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, ஒரு துண்டு மட்டும் மீனோடு தின்று பார்க்கச் சொன்னாள். அது பரவாயில்லை. தோட்டத்தில் களை வெட்டிய அன்று இன்னும் நன்றாக இருந்தது. பஸ்ஸில் நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்த அன்று எதைத் தின்றாலும் மோசம்தான்.

ஆக அந்தத் தட்டும் முழுப் பொய்யில்லை, நானும் முழுசாகச் சரியில்லை. தேங்காய்ப்பால் நெஞ்சுக்கு என்ன செய்கிறது என்பதை விரலில் குத்திப் பார்த்துச் சொல்ல முடியாதாம். அதற்குத் தனியாக ரத்தம் எடுத்துப் படகில் ஆப்பியாவுக்கு அனுப்பியிருக்கிறாள். பதில் வரவில்லை. அது என்ன சொல்லுமோ என்று இப்போது அவளைவிட எனக்குத்தான் அவசரம்.

தலைநகர் ஆப்பியாவிலிருந்து வந்த டாக்டர், ஒரு ஆளின் விரலை வைத்து ஊருக்கே சாப்பாடு சொல்ல முடியாது, இன்னும் பலரைப் பார்க்க வேண்டும் என்றார். நியாயம்தான். அதனால் இப்போது பாட்டுக்குழுப் பெண்கள் ஆராதனை முடிந்ததும் மகெரிதாவின் முன் விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். எனக்கு எண் இறங்கியிருக்கிறது, மாத்திரையைக் கூட்டவில்லை.

அண்ணன் அபெராமோ விடுவானா? "உன் வெரல்ல இனிக் குத்த எடமில்லடா. என் கால் வெரலத் தரேன், மிச்சம் இருக்கிறத எடுத்துக்கோ" என்கிறான். சொல்லிவிட்டு அவனே சிரிக்கிறான். சர்க்கரை விரல்களைத் தின்ற அந்தக் காலைப் பார்த்துக்கொண்டு என்னால் சிரிக்க முடியவில்லை.

ஃபுவாதினோ, ஞாயிற்றுக்கிழமை போனில் போகிற போக்கில் ஒன்று கேட்டாய். வயிற்றில் சர்க்கரை ஊசி போட்டுக்கொண்டால் வலிக்குமா என்று மகெரிதாவிடம் கேட்கச் சொன்னாய். நான் மாத்திரைதான் விழுங்குகிறேன், உனக்கே தெரியும். பேரனுக்குப் பல் முளைத்த பிறகும் நீ ஏன் ஊர் திரும்பும் பயணத்தைத் தள்ளிக்கொண்டே போகிறாய் என்று அதற்கப்புறம் நான் கேட்கவில்லை.

மகெரிதாவிடம் கேட்டேன். ஊசி மெல்லியது, தோலைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டு போட்டால் அவ்வளவாகத் தெரியாது என்றாள். யாருக்கு என்று அவளும் கேட்கவில்லை.

அங்கே ஆஸ்பத்திரியிலும் ஒரு தட்டுப் படம் இருக்கும். அவர்கள் சொல்வதைக் கேள். புரியாததைத் திருப்பிக் கேள். நீ உண்மையில் என்ன தின்கிறாய் என்பதை மறைக்காமல் சொல். தினமும் உன் பாதங்களைத் திரேசாவிடம் காட்டு; அவள் நம் மகள்தானே, வெட்கப்படாதே. இங்கே கருவி இருக்கிறது, மகெரிதா இருக்கிறாள், வீட்டில் ஊசி போட்டுவிட ஒரு கையும் இருக்கிறது. நான் கற்றுக்கொண்டுவிட்டேன், ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பழகினேன்.

கர்த்தர் உன்னை வழியெல்லாம் காப்பாராக. வந்துவிடு.

உன்,
இயோசெஃபா