ஆறாத துளை

காரைக்குடி
4.2.2024, ஞாயிறு

அன்புள்ள ரேணுகாவுக்கு,

போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வருகிறது, இனி சொல்ல வேண்டியதை எழுதுங்கள் என்று தீபாவளிக்கு வந்தபோது சொல்லிவிட்டுப் போனாய். எழுத இவ்வளவு நாள் ஆகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே.

அம்மா நன்றாக இருக்கிறாள். "அண்ணன் மகளைக் கட்டி வச்சும் ஆளுக்கொரு ஊரா இருக்கீகளே" என்று வாரம் ஒரு முறையாவது என்னைத் திட்டுகிறாள். உனக்குக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி லேப், எனக்கு இந்த ஊர் என்று நாம் பிரிந்து ஒன்றரை வருடம் ஆகிவிட்டது.

மூட்டுக்குள் கேமராவை விட்டு ஆபரேஷன் செய்யலாம் என்று நான் இங்கு வந்து சொன்னபோது சிரித்தார்கள். இப்போது சனிக்கிழமைக்கு ஆறு பேர் வீதம் பெயர் கொடுத்துக் காத்திருக்கிறார்கள். போன மாதம் ஆறாம் தேதி காளீஸ்வரி என்று ஒரு பெண். கல்லூரியில் இரண்டாம் வருடம், மாவட்டக் கபடி அணியில் ரெய்டர். பாடிப்போய்த் திரும்பும்போது இடது முழங்காலில் ஜவ்வு அறுந்துவிட்டது. அவள் தொடையிலிருந்தே தசைநார் ஒன்றை எடுத்து, நாலாக மடித்து, எலும்பில் துளை போட்டு உள்ளே இழுத்து மாட்டிவிட்டேன். நாம் படித்த காலத்தில் முழங்காலையே பிளந்து செய்த வேலை இது. இப்போது சட்டைப் பொத்தான் நுழையும் அளவுக்கு இரண்டு துளை, அவ்வளவுதான். மறுநாளே ஊன்றுகோலோடு நடந்தாள். அக்டோபரில் அவளுக்குப் போலீஸ் தேர்வு. அப்பா பாண்டிமுருகன், வீடுகளுக்குத் தரைக்கல் பதிக்கிறவர். பிள்ளையார்பட்டிக்குப் போய் அருச்சனை செய்துவிட்டு நேரே என் அறைக்கு வந்து, "எம்மகளுக்குக் கால் குடுத்துட்டீக சார்" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

ஒரு துளையில் மட்டும் இன்னும் லேசாக நீர் கசிகிறது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. தையல் நூல் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

இந்த ஆஸ்பத்திரிக்கும் ஒரு நல்ல லேப் வேண்டும் என்று நிர்வாகி அழகுராஜா சொல்லிக்கொண்டிருக்கிறார். யோசித்துப் பார்.

உன்
முத்தரசு

---

கோயம்புத்தூர்
9.2.2024

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சந்தோஷமாக. அத்தை கொடுத்துவிட்ட சீப்புச் சீடை போன வாரம்தான் தீர்ந்தது என்று சொல்லுங்கள். உங்களை நன்றாகத் திட்டச் சொன்னேன் என்றும் சொல்லுங்கள்.

இரண்டாவது தடவை படிக்கும்போது அந்தக் கசிவில் நின்றுவிட்டேன். ஆபரேஷன் முடிந்து நாலு வாரம் ஆன துளை காய்ந்து தழும்பாகியிருக்க வேண்டும். காய்ச்சலும் வலியும் இல்லாமல் கசிவது எனக்குப் பிடிக்கவில்லை. சாதாரணக் கிருமி என்றால் சத்தம் போட்டுக்கொண்டு வரும்.

ஒரு நாளைக்கு ஆறு ஆபரேஷன் என்கிறீர்கள். கேமராக் குழாய் எத்தனை இருக்கிறது? ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவில் அதை எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள்? குற்றம் சொல்லவில்லை அத்தான். கேட்காமல் இருக்க முடியவில்லை.

அந்தப் பெண்ணின் கசிவை எங்கள் லேபுக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
ரேணுகா

---

காரைக்குடி
25.2.2024

அன்புள்ள ரேணுகாவுக்கு,

கல்யாணப் பந்தியிலும் இலையைத் திருப்பிக் கிருமி தேடுகிறவள் நீ. உன் கடிதத்தைப் பார்த்து முதலில் எரிச்சல்தான் வந்தது. இங்கேயே டெஸ்ட் செய்தோம். இரண்டு நாளில் ஒன்றும் வளரவில்லை என்று ரிப்போர்ட் வந்தது. மாத்திரையை மாற்றிக் கொடுத்தேன். கசிவு நின்றது. பத்து நாளில் மறுபடி ஆரம்பித்துவிட்டது. இப்போது துளையின் ஓரத்தில் பயறு அளவு சின்னக் கட்டி. முழங்காலும் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. போன திங்கள் வீக்கம் வடிய மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி ஒன்று போட்டேன்.

இன்னொன்று. சேதுபதி என்று ஒரு ஆட்டோ டிரைவர், செக்காலை ஸ்டாண்டில் ஓட்டுகிறவர். தோள்பட்டையில் கிழிந்த தசைநாரை எலும்போடு சேர்த்துத் தைத்தேன். காளீஸ்வரிக்கு அடுத்த வாரம் செய்தது. நேற்று சட்டையைக் கழற்றிக் காட்டினார். துளைக்குப் பக்கத்தில் அதே மாதிரி கட்டி. "வலியெல்லாம் ஒண்ணுமில்ல சார். இங்குட்டு மட்டும் சட்டை நனையுது" என்றார்.

இரண்டு பேருடைய கசிவையும் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். குப்பியில் பெயர் எழுதவில்லை. நீயும் எந்தப் பதிவிலும் ஏற்ற வேண்டாம். நீயே பார்த்து எனக்கு மட்டும் எழுது. மார்ச் பதினைந்தாம் தேதி ஆஸ்பத்திரியின் புதுக் கட்டடம் திறக்கிறார்கள். இந்த நேரத்தில் இல்லாத வதந்தி எதுவும் வேண்டாம்.

உன்
முத்தரசு

---

கோயம்புத்தூர்
5.3.2024

அன்புள்ள அத்தானுக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படியுங்கள்.

இரண்டு குப்பியிலும் வளர்ந்திருக்கிறது. இரண்டாம் நாள் ஒன்றுமில்லை. ஐந்தாம் நாள் காலையில் தட்டைத் திறந்தேன், பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள். காசநோய்க் கிருமிக்கு உறவான இனம். மனிதர்களிடமிருந்து வருவதில்லை. தண்ணீரில் வாழ்வது. குழாயில், தொட்டியில், ஊறவைக்கும் தட்டில் படலமாகப் படிந்து கிடக்கும். கிருமிநாசினித் திரவத்தில் இருபது நிமிடம் ஊறவைத்தால் சாகாது.

இரண்டு பேர். ஒருவருக்கு முழங்கால், ஒருவருக்குத் தோள். வேறு வேறு நாள். கிருமி மட்டும் ஒன்று. அவர்கள் இரண்டு பேருக்கும் பொதுவானது உங்கள் ஆபரேஷன் தியேட்டர்தான்.

ஆகவே நாளையிலிருந்து ஒரு ஆபரேஷன்கூட வேண்டாம். இதுவரை செய்தவர்கள் எல்லோரையும் கூப்பிட்டுப் பாருங்கள். இது மூன்று வாரத்திலும் வரும், எட்டு வாரம் கழித்தும் வரும். இனி யாருக்கும் ஸ்டீராய்டு ஊசி போடாதீர்கள். அது இந்தக் கிருமிக்குப் பாய் விரித்துக் கொடுப்பது மாதிரி. அந்தப் பெண்ணுக்குப் போட்டுவிட்டீர்கள் என்று படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளை இந்த வாரமே மதுரைக்கு அனுப்புங்கள். மூட்டைத் திறந்து கழுவ வேண்டும். மருந்து ஆறு மாதமாவது ஓடும்.

தியேட்டர் குழாய், தொட்டி, ஊறவைக்கும் தட்டு மூன்றிலிருந்தும் தண்ணீர் எடுத்து அனுப்புங்கள்.

பதிவில் ஏற்ற வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். ஏற்றிவிட்டேன்.

ரேணுகா

---

காரைக்குடி
10.3.2024

அன்புள்ள ரேணுகாவுக்கு,

உன் கடிதம் நேற்றுச் சாயங்காலம்தான் கிடைத்தது. படித்ததும் தியேட்டருக்குப் போனேன். செல்வம் கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். இருபது வருடம் தியேட்டர் டெக்னீஷியனாக இருப்பவர்.

"கேமராக் குழாய எப்படிக் கழுவுறீக செல்வம்?" என்று கேட்டேன்.

"மருந்துல ஊறப்போட்டு, அலசி, துடைச்சுக் குடுக்கிறேன் சார்."

"எந்தத் தண்ணியில அலசுறீக?"

அவர் என் முகத்தையே பார்த்தார். "பைப்புத் தண்ணிதான். காலையில காய்ச்சி வச்சிருவேன். ஆட்டோகிளேவ்ல போட்டு ஆவியில வேக வச்சா ஒரு கேஸுக்கு ஒரு மணி நேரமாகும். நம்மகிட்ட இருக்கிறது ரெண்டே குழாய். ஆறு கேஸ் முடியாது சார்னு நாந்தான் மொதல்லயே சொன்னேன். ஊற வச்சு எடுய்யா, நேரமாகுதுன்னு நீங்கதானே சொன்னீக?"

சொல்லியிருக்கிறேன். மறந்துபோயிருந்தது. அவர் சொன்ன பிறகு என் குரலே காதில் கேட்டது. ஒரு தடவை போட்டுத் தூக்கி எறிய வேண்டிய பிளேடுகளையும் அதே தட்டில்தான் ஊறவைத்து மறுபடி எடுத்திருக்கிறோம். மூட்டுக்குள் சுரண்டி எடுக்கிற, உள்ளே குழல் போலத் துளை உள்ள பிளேடு. அதற்குள் என்ன ஒட்டியிருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அழகுராஜாவிடம் பேசினேன். "டாக்டர், கட்டடம் தெறந்து முடியட்டும். ஒரே வாரம். அதுக்கப்புறம் நீங்க சொல்றபடி செய்வோம்" என்கிறார். எனக்கும் அதுவே சரி என்று படுகிறது. ஒரு வாரத்தில் என்ன ஆகிவிடும்? காளீஸ்வரியையும் விழா முடிந்ததும் மதுரைக்கு அனுப்புகிறேன். இப்போது அனுப்பினால் ஏன் என்று கேட்பார்கள்.

ரேணு, இந்த ஊரில் என்னை நம்பி வருகிறார்கள். இது வெளியே போனால் நான் மறுபடி கத்தி எடுக்க முடியாது. அம்மா தெருவில் தலைகாட்ட முடியாது. உன் அத்தைக்காகவாவது அந்தப் பதிவை ஒரு வாரம் மூடி வை. இந்தக் கடிதங்களையும் கிழித்துப் போட்டுவிடு.

உன்
முத்தரசு

---

கோயம்புத்தூர்
13.3.2024

அத்தானுக்கு,

கிழிக்கவில்லை.

நீங்கள் அனுப்பாத தண்ணீருக்காக நான் காத்திருக்கப் போவதில்லை. என் ரிப்போர்ட்டை எங்கள் துறைத் தலைவரின் கையெழுத்தோடு இன்று சிவகங்கை மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டோம். திங்கட்கிழமைக்குள் அதிகாரிகள் வருவார்கள். அவர்கள் சொல்லி அந்தக் குடும்பங்களுக்குத் தெரிய வேண்டாம். அதற்கு முன்னால் நீங்களே அவர்கள் வீட்டுக்குப் போங்கள். என்ன நடந்தது, யாரால் நடந்தது என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். செல்வத்தின் தலையில் கட்டிவிடாதீர்கள்.

ஒரு வாரத்தில் என்ன ஆகிவிடும் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பெண்ணின் மூட்டுக்குள் நீங்கள் வைத்த தசைநார் கரைந்துகொண்டிருக்கிறது. அதுதான் ஆகும்.

அத்தையிடம் நான் பேசிவிட்டேன். விஷயம் எல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டார்கள். பிறகு, "அவனப் போகச் சொல்லு தாயி, அந்தப் புள்ளை வீட்டுக்கு" என்றார்கள்.

ரேணுகா

---

காரைக்குடி
24.3.2024

அன்புள்ள ரேணுகாவுக்கு,

பதினாறாம் தேதி காலையில் பாண்டிமுருகன் வீட்டுக்குப் போனேன். முதல் நாள் விழாவில் எனக்குப் போட்ட சால்வை காரின் பின்சீட்டிலேயே கிடந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தியிருந்தால் தேவலை. "சார், கொஞ்சம் உக்காருங்க, அவ அம்மா வரட்டும், அவளுக்கும் நீங்களே சொல்லிருங்க" என்றார். இரண்டாவது தடவையும் சொன்னேன்.

அன்றே மதுரைக்குக் கூட்டிப்போனோம். மூட்டைத் திறந்த டாக்டர் வெளியே வந்து என்னிடம், "ஜவ்வு இல்ல சார். இழுத்ததும் கையோட வந்துருச்சு" என்றார். அதையும், அதை எலும்போடு பிடித்து வைக்க நான் மாட்டியிருந்த உலோகப் பொத்தானையும் எடுத்துவிட்டார்கள். எலும்பிலும் கிருமி ஏறியிருக்கிறது.

திங்கட்கிழமை அதிகாரிகள் வந்து தியேட்டரைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். செல்வத்தைக் கேட்டபோது நான் முந்திக்கொண்டு, நான் சொல்லித்தான் செய்தார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இதுவரை எண்பத்தேழு பேரைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டோம். ஒன்பது பேருக்கு வந்திருக்கிறது.

நேற்று முன்தினம் வார்டில் காளீஸ்வரியைப் பார்த்தேன். காலை நீட்டிப் படுத்திருந்தாள்.

"சார், அக்டோபர்ல ஓட முடியுமா?"

"முடியாதும்மா."

"அடுத்த வருசம்?"

"தெரியல."

"எனக்கப்புறம் எத்தனை பேருக்கு வந்துருக்கு?" என்றாள்.

"எட்டுப் பேருக்கு."

"எனக்குக் கசிஞ்சப்பவே நிப்பாட்டியிருந்தா?"

அந்த எட்டில் மூன்று பேருக்குப் பிப்ரவரியில்தான் ஆபரேஷன் செய்தேன். "மூணு பேரு தப்பிச்சிருப்பாங்க" என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்கப்புறம் நான் எழுந்து வரும்வரை திரும்பவில்லை.

உனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மார்ச் பத்தாம் தேதி நான் எழுதியதில் ஒரு பொய் இருக்கிறது. உன் கடிதம் சனிக்கிழமைச் சாயங்காலம் வரவில்லை. வியாழக்கிழமை மதியமே வந்துவிட்டது. படித்துவிட்டேன். படித்த பிறகு சனிக்கிழமை காலையில் நாலு பேருக்கு ஆபரேஷன் செய்தேன். குழாயை இருபது நிமிடத்துக்குப் பதில் ஒரு மணி நேரம் ஊறவைக்கச் சொன்னேன், அது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செல்வத்திடம் கேள்வி கேட்டதுகூட அந்த நாலும் முடிந்த பிறகுதான். கடைசியாகச் செய்தது நம் தெருப் பெத்தாச்சி அண்ணனுக்கு, வலது தோள். கூப்பிட்டுப் பார்த்த எண்பத்தேழு பேரில் இந்த நாலு பேரும் உண்டு. இதுவரை நாலு பேருக்கும் ஒன்றும் இல்லை.

அம்மா என்னோடு பேசுவதில்லை. சாப்பாடு மட்டும் எடுத்து வைக்கிறாள். நீ ஒரு தடவை வந்துவிட்டுப் போ ரேணு.

உன்
முத்தரசு

---

கோயம்புத்தூர்
30.3.2024

டாக்டர் முத்தரசு அவர்களுக்கு,

ஒன்பது பேரின் மாதிரிகளும் வந்து சேர்ந்தன. எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்ற பட்டியலை மதுரைக்கு நேரடியாக அனுப்பியிருக்கிறேன். காளீஸ்வரிக்கு இரண்டு மருந்து கேட்கிறது. சேதுபதிக்கும் அதேதான். மாதம் ஒரு முறை நான் காரைக்குடி வந்து ஒன்பது பேரையும் பார்ப்பேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கி நேரே அவர்கள் வீடுகளுக்குப் போய்விட்டு அன்றே திரும்பிவிடுவேன். அத்தையைப் பார்க்க வேண்டும் என்றால் அத்தையை மதுரைக்கு வரச் சொல்லிக்கொள்கிறேன்.

ஊறவைத்த தவற்றை என்னால் புரிந்துகொள்ள முடிந்தது. தெரியாமல் செய்தது, அவசரத்தில் செய்தது. உங்கள் மார்ச் பத்தாம் தேதிக் கடிதத்தைக்கூட, பயந்துபோன ஒரு மனிதன் எழுதியது என்று நினைத்து எடுத்து வைத்தேன். ஆனால் வியாழக்கிழமை கடிதம் உங்கள் கையில் இருந்தது. சனிக்கிழமை நாலு பேரைப் படுக்க வைத்தீர்கள். நடுவில் முழுசாக ஒரு வெள்ளிக்கிழமை இருந்தது. அந்த ஒரு நாளை நானும் எப்படியாவது தாண்டிவிடலாம் என்று இந்த வாரம் முழுக்கப் பார்த்தேன். முடியவில்லை.

கடிதங்கள் எல்லாவற்றையும் விசாரணை அதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். நம் இருவர் விஷயமாக வக்கீலிடமும் பேசியிருக்கிறேன். அவர் உங்களுக்குத் தனியாக எழுதுவார்.

அந்த நாலு பேருக்கும் மூன்று வாரம்தான் ஆகியிருக்கிறது. இதுவரை ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போது இருக்காது. மே முதல் வாரம் தாண்டட்டும். அதுவரை தினமும் போய் பெத்தாச்சி அண்ணனின் தோளை விரலால் தொட்டுப் பாருங்கள். பயறு அளவு ஏதாவது தட்டுப்பட்டால் உடனே தகவல் கொடுங்கள். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

ரேணுகா
நுண்ணுயிரியல் துறை